ரத்தம் தேடித் தரும் வேலை: ஒரு திருநம்பி மாணவனின் அனுபவம்

வேலூரில் கோட்டை பார்க்க வருகிறவர்களைவிட வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் கண்ணில் அதிகம் படுவார்கள். காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா ரயில் வந்து நின்றால் போதும், கையில் ஃபைல் பையும் எக்ஸ்ரே கவருமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பக்கத்து ஆந்திரா. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எல்லாவற்றின் பலகையிலும் வங்காள எழுத்து இருக்கும். ரூம் கிடைத்துவிடும், மீன் குழம்பும் கிடைத்துவிடும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்து, "ரத்தம் கொடுக்க ரெண்டு பேரை ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று சொல்லும்போதுதான் அவர்களுக்குத் திக்கென்று ஆகும். இந்த ஊரில் அவர்களுக்கு யாரைத் தெரியும்?

அந்த இடத்தில்தான் இங்குள்ள கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். வேலூரில் பல கல்லூரிகளிலும் ரத்ததானத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கல்லூரிக் குழுவைக் கடைசி இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நான் ஒரு திருநம்பி. பிறப்புச் சான்றிதழில் பெண் என்று எழுதப்பட்ட ஆண். என் ரத்தத்தை எந்த ரத்த வங்கியும் வாங்காது.

இது ஏதோ ஒரு மருத்துவமனையின் வழக்கம் இல்லை. தேசிய ரத்தமாற்றுக் குழுமம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதலில், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் தொற்று வாய்ப்பு உள்ளவர்கள் என்ற பட்டியலில் திருநர்கள் (திருநங்கைகள், திருநம்பிகள் எல்லாரும்) மொத்தமாகச் சேர்க்கப்பட்டு, நிரந்தரமாக விலக்கப்பட்டிருக்கிறார்கள். தனி ஒருவர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வியே அதில் கிடையாது. இதை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது.

எனக்கு இது தெரியவந்தது முதலாம் ஆண்டு, அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான நாள் முகாமில். குடியாத்தத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா லுங்கித் தறியில், அம்மா பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில். விடியற்காலை கம்பெனி வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. நான் யாரென்று வீட்டில் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்திருந்தது. கல்லூரி அடையாள அட்டையில் அப்போதும் பழைய பெயர், பாலினம் பெண். அந்த அட்டையைக் காட்டி, பெண் என்று எழுதி, நேராகப் போய்ப் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன் உண்மையைச் சொல்கிறேன் என்று உறுதி கொடுக்கிறான். திருநர் என்றே எழுதினேன். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, விதியை விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார். வெளியே வந்தபோது கை கால் எல்லாம் தளர்ந்திருந்தது. பாத்ரூம் வாசல், விடுதி, பேருந்து இருக்கை என்று ஏற்கெனவே எத்தனையோ இடங்களில் திரும்பி வந்தவன்தான். கொடுக்கப் போன இடத்திலும் திரும்பி வருவேன் என்று நினைத்திருக்கவில்லை.

முகாமுக்கு வெளியே இன்னொரு மாணவி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறைந்தது 12.5 இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பெண்களில் நிறையப் பேர் இந்த ஒரு எண்ணில்தான் நின்றுபோகிறார்கள். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ஆறிய சோறு, மாதவிடாயில் போகும் ரத்தம். அவளுக்கோ, தனக்கு என்னவோ பெரிய நோய் என்று பயம். அவளோடு உட்கார்ந்தேன். இது ரத்தசோகை, சரியாகக்கூடியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், வாங்கிச் சாப்பிடு, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள், சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாட்டு நலப்பணித் திட்ட மேடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று சாயங்காலமே கூப்பிட்டு, "திரும்பி வர்றவங்கள கவனிக்க நம்ம முகாம்ல ஆளே இல்லப்பா. அதை நீ எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். என் வேலை அங்கே ஆரம்பித்தது.

திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கவனிப்பதிலிருந்து கொடையாளர் பட்டியலுக்கும், அதிலிருந்து அவசர அழைப்புகளுக்கும் வந்தேன். இந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்காகச் சிலவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

"அவசரம், ஓ நெகடிவ் தேவை" என்று வரும் செய்தியை அப்படியே தள்ளிவிடாதீர்கள். முதலில் அதிலுள்ள எண்ணுக்குப் பேசுங்கள். முடிந்துபோன கோரிக்கைகள் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது இறந்தே போயிருப்பார், அவர் வீட்டுக்கு இன்னும் போன் வந்துகொண்டிருக்கும். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எந்த வகை, முழு ரத்தமா, சிவப்பணுவா, பிளேட்லெட்டா, எத்தனை யூனிட், எப்போதுக்குள், கூட இருப்பவர் யார். இவ்வளவும் கேட்டு, நேரத்தைப் போட்டு எழுதுங்கள். வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று அதே குழுவில் போடுவது உங்கள் பொறுப்பு. நோயாளியின் படத்தைப் போடவே போடாதீர்கள்.

பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் டெங்கு சீசனில் இருப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். சிவப்பணுவை அதைவிட நீண்ட நாள், ஒரு மாதத்துக்கு மேல்கூட வைத்திருக்கலாம். இது தெரிந்திருந்தால் யாரை இன்றே அனுப்புவது, யாரை நாளைக்கு நிறுத்திவைப்பது என்று திட்டமிடலாம். கேட்கிறார்களே என்று இருபது பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் அடுத்த மூன்று மாதம் உங்கள் கையில் ஆள் இருக்காது. ஆண்கள் 90 நாளைக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளைக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற தேதிதான் பட்டியலின் உயிர். பெயரும் ரத்த வகையும் மட்டும் உள்ள பட்டியல் அவசரத்துக்கு உதவாது.

அனுப்புவதற்கு முன் போனிலேயே கேட்டுவிடுங்கள்: வயது 18 ஆகிவிட்டதா, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறதா, சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா, குடித்திருக்கிறாயா, ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தினாயா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா. இதைக் கேட்கக் கூச்சப்பட்டால், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த பையன் வாசலிலேயே திரும்புவான். அடுத்த முறை அவன் வரமாட்டான்.

காசு விஷயத்தில் கொஞ்சம்கூட இளகக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பால், பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை. தூரத்து ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் நன்றியில் கையில் நோட்டைத் திணிப்பார்கள். பெட்ரோலுக்கு வைத்துக்கொள் தம்பி என்பார்கள். அந்த ஒரு நோட்டை வாங்கினால் அடுத்து வருகிற ஏழைக் குடும்பம் அதைக் கட்டாயம் என்று நினைத்துக்கொள்ளும். ஜூஸ் வாங்கிக் கொடுத்தால் குடிக்கலாம், அவ்வளவுதான்.

இப்படிப் போன் பேசிப் பேசித்தான் என் குரலோடு எனக்குச் சமாதானம் ஏற்பட்டது. அதுவரை போனில் "சொல்லும்மா" என்று யாராவது ஆரம்பித்தால் வைத்துவிடுவேன். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் அப்பா ஒரு மொழியும் புரியாமல் எதிர்முனையில் திணறும்போது என் குரல் ஆண் குரலா பெண் குரலா என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. உடைந்த இந்தியில் வார்டு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பேன். பேசி முடித்த பிறகுதான், இவ்வளவு நேரம் என்னைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருந்திருக்கிறேன் என்பது உறைக்கும். என் வயதில் ஒரு திருநம்பிக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, என் மனசுக்கு அதுதான் முக்கியம்.

காட்பாடி பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு திருநங்கை அக்கா, நான் ராத்திரி வேளையில் தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதைக் கவனித்து ஒருநாள் கேட்டார்: "இன்னாத்துக்கு நைனா இப்பிடித் தனியா சுத்திக்கினு கீற? உங்கூட்டு ஆளுங்க யாருமே இல்லியா?" இல்லைதான். திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற கூட்டமைப்பு இருக்கிறது, குரு இருக்கிறார், சேலாக்கள் என்கிற சீடர்கள் இருக்கிறார்கள். அதில் கஷ்டங்களும் உண்டு. ஆனால் வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு ஒரு அம்மா கிடைத்துவிடுவார். திருநம்பிகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. பெண் பிள்ளை என்று வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்துக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஒரே தாலுகாவில் இருக்கும் இரண்டு திருநம்பிகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. ஆம்பூரில் ஒருவன், வாலாஜாவில் ஒருவன், ஆற்காட்டில் ஒருவன் என்று அக்காதான் தன் பழக்கத்தை வைத்து ஒவ்வொருவராகக் கோத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டைப் பூங்காவில் கூடுவோம். அங்கே கும்பல் கும்பலாக எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், நாங்களும் ஒரு கும்பல். வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'சண்டே வாலிபால்'. வீட்டில் போனை வாங்கிப் பார்க்கிற தம்பிமார்கள் இருக்கும்வரை அந்தப் பெயர்தான். முதல் சந்திப்பு எப்போதும் திறந்த பொது இடத்தில்தான், யாருடைய அறையிலும் கிடையாது. வருகிறவனுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் பாதுகாப்பு. பழைய பெயரைக் கேட்பதில்லை. ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்பதில்லை. அவன் யாரென்று இன்னொருவரிடம் சொல்வதில்லை, நல்ல எண்ணத்தோடுகூட.

புதிதாக வருகிறவனிடம் முதலில் மூன்றே விஷயம்தான் விசாரிப்போம்: சாப்பிட்டானா, இன்று ராத்திரி தூங்க இடம் இருக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா. பாலினம், சட்டம், சிகிச்சை எல்லாம் அப்புறம். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் வீட்டை விட்டு வா என்று ஒருபோதும் சொல்லமாட்டோம், தங்க இடமும் தரமாட்டோம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசச் சொல்வோம், கூடவே இருப்போம். மனசுக்கு இது கஷ்டமான விதி. ஆனால் காணவில்லை என்று ஒரு புகார் வந்தால் அந்தப் பிள்ளையும் மாட்டிக்கொள்ளும், நாளைக்கு உதவி தேடி வரப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடும்.

பெரியவர்களானால் கதை வேறு. 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு எங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது. காணாமல் போனதாகப் புகார் கொடுக்கப்பட்டவர் பால்புதுமையர் (LGBTQ) சமூகத்தைச் சேர்ந்த வயது வந்தவர், சுய விருப்பத்தில் இருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அது. மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளையும் அந்த உத்தரவு தடுத்தது. நிலையத்துக்குப் போகும்போது பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் கையில் இருந்தால் பேச்சு நிதானமாக நடக்கிறது.

உடம்பு விஷயமாக ரெண்டு சொல்ல வேண்டும். மார்பை இறுக்க எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றாதீர்கள். மூச்சு முட்டும், விலா எலும்பு பாதிக்கும். அதற்கென்று தைத்த பைண்டரையே போட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். ஹார்மோன் ஊசியை நண்பன் போட்ட அளவைக் கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும், அளவு மீறினால் ரத்தம் தடித்து ஆபத்தாகும். மருத்துவரிடம் போய், இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே எடுக்க வேண்டிய மருந்து அது. ரத்தத்தோடு புழங்கியதால் இதை மட்டும் நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

திருநர் அடையாளச் சான்றிதழுக்கு நான் விண்ணப்பித்தபோது திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டமும் அதன் 2020 விதிகளும்தான் நடைமுறையில் இருந்தன. தேசிய இணையதளத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தேன், உடல் பரிசோதனை இல்லாமல் மாவட்ட ஆட்சியர் கையெழுத்தோடு சான்று வந்தது. விதிகள் மாறக்கூடியவை. அதனால் விண்ணப்பிக்கும் முன் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இப்போதைய நடைமுறையை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: பெயர் மாற்றத்தைக் கடைசி ஆண்டுவரை தள்ளாதீர்கள். பழைய பெயரில் பட்டம் அச்சாகி வந்துவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பெயரையும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 2024-25 மாநில பட்ஜெட்டில் திருநர் மாணவர்களின் உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அதையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

ராத்திரி அழைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "செத்துடலாம்னு இருக்குடா" என்று ஒருவன் சொல்லும்போது அறிவுரை வேண்டாம், அம்மா அப்பாவை நினைத்துப்பார் என்று சொல்லவே வேண்டாம். பெரும்பாலும் வலியே அங்கிருந்துதான் வருகிறது. எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று நேராகக் கேளுங்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பேசிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் ஒருவரை அங்கே அனுப்புங்கள். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். ஒருவனை ஒருவனே தாங்கக் கூடாது என்பது எங்கள் கட்டாய விதி. ஒரு ராத்திரி பேசியவன் அடுத்த ராத்திரி போனை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்க வேண்டும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சித்திக்குப் பிரசவம் சிக்கலாகி, குடியாத்தத்திலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தம் வேண்டும் என்றதும், என்னோடு பேசாமல் இருந்த சித்தப்பாதான் போன் செய்தார். பையன்களை அனுப்பினேன். சித்தியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். அதன் பிறகும் சித்தப்பா என்னைப் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார். அப்பாவும் அப்படித்தான். அம்மா மட்டும் பெயரே சொல்லாமல் "கண்ணு" என்கிறார்.

இதைக் கேட்கும் தம்பிகள் சிலர், அப்புறம் எதற்கு அண்ணா செய்தீர்கள் என்று கோபப்படுகிறார்கள். அவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதுதான். மரியாதை வாங்குவதற்காகச் சேவை செய்யாதீர்கள். எங்களை மதியுங்கள், பாருங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நிரூபிக்கக் கிளம்பினால், மதிக்காத ஒவ்வொரு முகமும் உங்களை உடைத்துப்போடும். யாருக்கும் உதவாமல் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும் திருநம்பிக்கும் அதே மரியாதை உரியது. சித்திக்கு ரத்தம் தேவைப்பட்டது, எனக்கு ஆட்களைத் தெரியும், அதனால் செய்தேன். சித்தப்பா என் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது வேறு வழக்கு. அதை நான் தனியாக நடத்திக்கொண்டிருக்கிறேன், விடமாட்டேன்.

2017 விதியைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொற்று ஏற்பட்டு முதல் சில நாட்களுக்குப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அது உண்மை. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தையின் உயிர் என் மனவருத்தத்தைவிடப் பெரியது, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது, அவர் ஆணா பெண்ணா திருநரா என்பதில் இல்லை. பிரிட்டனில் 2021 ஜூன் முதல் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படிக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நான் பதில் சொல்கிறேன்.

பட்டம் முடித்து இப்போது சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். முகாம் வேலை தொடர்கிறது. அக்டோபர் 1-க்கு ஆட்கள் வேண்டும். எடை குறைந்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், ரத்தம் கொடுக்க முடியாத எவரும் வரலாம். பதிவு மேசைக்கு இரண்டு பேர், வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவர், கொடுத்து முடித்தவர்கள் மயங்காமல் பார்த்துக்கொள்ள மூன்று பேர், திருப்பி அனுப்பப்படுபவர்களோடு உட்கார என்னோடு இன்னும் ஒருவர்.